தாய்மாமா போன வீட்டில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்

போன ஐப்பசியில் என் தாய்மாமா தவறிவிட்டார், 81 வயது. கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருந்தவர். என்னை மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்தியது அவர்தான், பள்ளிக்கூடத்துக்கு முதல் கால்சட்டை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். இந்த ஒரு வருடத்தில் நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் போயிருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் குரல். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரல்தான் சீக்கிரம் மங்குகிறது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அந்தச் சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிக்குள் போய், எக்ஸ்போர்ட் சாட் கொடுத்து, மீடியாவையும் சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். போன் மாற்றும்போது காணாமல் போவது இவைதான். என்னிடம் ஒன்பது விநாடி ஒன்று இருக்கிறது: "மருமகனே, சாப்ட்டாச்சா, சட்டை ரெடி, வந்து எடுத்துக்கோ." பின்னால் மிஷின் ஓடுகிற சத்தமும் கேட்கிறது. மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

அவருடைய போனை உடனே அணைத்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிரீபெய்டு சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பே போய்விடலாம், வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்படுகிறது. அதற்குள் உள்ளே இருக்கும் படங்களை எடுத்துவிட வேண்டும். அத்தையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவர் மனம் தாங்காத நாளில் வேண்டாம்.

அப்புறம் பதினாறாம் நாள் காரியம். ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் எல்லாரும் ஒரே வீட்டில் கூடுவது அப்போதுதான், இன்னொரு முறை அத்தனை பேரும் சேர்வது கஷ்டம். மதியம் இலை எடுத்த பிறகு, வயதானவர்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "மாமாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்பதோடு முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள்: மிஷின் வாங்கப் பணம் யார் கொடுத்தார்கள், சாயங்காலம் எந்தக் கடையில் டீ, யாரோடு பேசாமல் இருந்தார், எப்போது பேசினார். இப்படிக் கேட்டபோதுதான், என் அம்மா கல்யாணச் செலவுக்காக அவர் தன் முதல் மிஷினை விற்ற கதை எனக்குத் தெரிய வந்தது. அம்மாவே அன்றுவரை சொன்னதில்லை. சொல்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனில் பதிவு செய்யுங்கள்.

காரியம் முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று துணிமணியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், பழைய தாள் எடைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் அவர் கைபட்ட ஒரு பொருளையாவது கேட்டு வாங்கி வையுங்கள், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நான் கேட்டது மாமாவின் அளவு நோட்டு. பக்கத்துக்கு ஒரு பெயர், கீழே உயரம், மார்பு, தோள், கை, ஓரத்தில் அந்தத் துணியிலிருந்தே வெட்டிய விரல் அகலத் துண்டு, குண்டூசியால் குத்தியிருக்கும். என் பக்கத்தில் 1986 தீபாவளிக்குச் சட்டை உயரம் 17, அடுத்த வருடம் 18, அதன் பக்கத்தில் "வளர்ற பையன், மடிப்பு கூட விடவும்" என்று அவர் கையெழுத்து. அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது.

பழைய நோட்டு, கடிதம் என்றால் துருப்பிடித்த ஊசிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒட்டியது ஒட்டியதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலே போதும். சின்ன போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கம் யார் யார் என்பதைப் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம்.

திதி கொடுப்பது மகன்கள் பொறுப்பு. ஆனால் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதை இறந்த நேரத்தை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்து இப்போதே எழுதி வையுங்கள், ஏனென்றால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் நகரும். மகாளய பட்சத்தில் தர்ப்பணம் செய்கிற வீடுகளில் தாய்மாமனையும் நினைத்து எள்ளும் தண்ணீரும் விடுகிற வழக்கம் உண்டு, மருமகன்களுக்கு அது ஒரு வாய்ப்பு.

படையலில் அவருக்குப் பிடித்ததை வையுங்கள். சர்க்கரை வந்த பிறகு 14 வருடம் மாமாவை நாங்கள் கடலைமிட்டாய் தொட விட்டதில்லை, அதுவும் கோவில்பட்டியில் இருந்துகொண்டு. இந்த வருடம் இலையில் வடை, பாயசத்துக்குப் பக்கத்தில் அத்தை ஒரு முழுப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார், காக்கைக்கு எடுத்த சோற்றிலும் ஒரு துண்டு உடைத்துப் போட்டார்.