இருக்கிற புத்தகம் ஏன் தேடினால் கிடைப்பதில்லை?

நம்மிடம் இருப்பது நன்றாகத் தெரியும், ஆனால் எங்கே என்று தெரியாது. தேடிச் சலித்து மறுபடி இறக்கிக்கொள்வோம். இப்படியே என் கணினியில் ஒரே மின்நூல் மூன்று இடங்களில் கிடந்தது.

முதல் தவறு, ஃபோல்டரை நம்புவது. ஒரு பயண நூல் பாதிக்கு மேல் வரலாறு பேசுகிறது என்றால் அதை 'பயணம்' ஃபோல்டரில் போடுவதா, 'வரலாறு' ஃபோல்டரிலா? இரண்டிலும் போட்டால் இரண்டு பிரதி ஆகிவிடும். மின்நூல்களை அடுக்கி வைக்க உதவும் காலிபர் போன்ற இலவச மென்பொருளில் நூல் ஒரே இடத்தில்தான் இருக்கும், பொருளைச் சொல்லும் டேக் என்ற குறிச்சொல்லை எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் காலிபர் உருவாக்கும் ஃபோல்டர்களுக்குள் போய் நீங்களாகப் பெயர் மாற்றாதீர்கள். எந்த நூல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதன் தரவுத்தளத்தில் இருக்கிறது. கையால் மாற்றினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

டேக்கிலும் ஒரு வம்பு உண்டு. ஒரு நாள் 'வரலாறு', அடுத்த நாள் 'சரித்திரம்', அவசரத்தில் 'ஹிஸ்டரி' என்று போட்டு வைத்தால் எதைத் தேடினாலும் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆசிரியர் பெயரும் அப்படியே. முன்னெழுத்துக்குப் பின் ஒரு இடத்தில் இடைவெளி, இன்னொரு இடத்தில் இல்லை என்றால் மென்பொருளுக்கு அவர் இரண்டு ஆள். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நூல்களில் தேடல் தோற்பதற்குப் பெரிய காரணம் வேறு. திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் கணினிக்குத் தமிழ் அல்ல. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பல பிடிஎஃப்களில் 'அம்மா' என்ற சொல், உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் நட்டநடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த நூலென்றால் பெரும்பாலும் ஒட்டுவதற்கு எழுத்தே வராது, அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள் தமிழையும் படிக்கும்தான், ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் பழைய 'றா', 'ணை' வடிவங்களில் அது தடுமாறக்கூடும். அதனால் இந்த இரண்டு வகைக்கும் தலைப்பு, ஆசிரியர், பொருள் மூன்றையும் கையால் எழுதி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அலுப்பான வேலைதான்.

நூலின் உள்ளே தேட, 2022இல் வந்த காலிபர் 6 முதல் வசதி இருக்கிறது. காலிபரில் நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு நூலகத்துக்கும் (நூல் தொகுப்புக்கும்) அதை நாமே இயக்கி, முழுதும் அட்டவணைப்படுத்தி முடியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் தேடிவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று மூடிவிடுகிறோம்.

அப்புறம் காப்புப் பிரதி. ஈபப் போன்ற மின்நூல் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. நீங்கள் திருத்திய டேக்குகள் தாமாகவே கோப்புக்குள் போய்விடுவதில்லை, தரவுத்தளத்தில்தான் இருக்கும். காலிபரை மூடிவிட்டு, நூலக ஃபோல்டரை முழுதாக வெளி வட்டில் நகலெடுங்கள்.

நானூறு ஐநூறு நூல் ஏற்கெனவே குவிந்துவிட்டதா? எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய உட்காராதீர்கள், மூன்றாம் மணி நேரத்தில் வெறுத்துவிடும். காலிபரின் தேடல் பெட்டியில் 'டேக்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 'ஃபால்ஸ்' என்று முடியுங்கள் (tags:false). டேக் இல்லாத நூல்கள் மட்டும் வரும். நாளுக்குப் பத்து.