பச்சையெல்லாம் மாலகைட் அல்ல: செம்புக் கனிமங்களில் செய்யக்கூடாத தவறுகள்

காவிரி டெல்டாவில் செம்புத் தாது கிடையாது. தஞ்சாவூருக்குக் கிழக்கே கடல் வரை காலுக்குக் கீழே இருப்பது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும்தான். ஆகவே பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ பொறுக்கிய பச்சைக் கல்லைச் செம்புத் தாது என்று எடுத்துவைப்பதுதான் முதல் தவறு. அது பெரும்பாலும் அலை தேய்த்த பாட்டில் கண்ணாடி. கத்தி முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கனிமத்தில் பளிச்சென்று கோடு விழும், கண்ணாடியில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லில் பச்சைக் கோடு ஓடினால் அது பெரும்பாலும் எபிடோட் என்ற செம்பில்லாத கனிமம். மஞ்சள் மினுக்கு தெரிந்தால் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அந்தக் கல்லே லாரியில் வந்தது.

இங்கே சேகரிப்பவர்கள் கையில் இருக்கும் உண்மையான செம்புக் கனிமங்கள் ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் போன்ற சுரங்கப் பகுதிகளிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவை. ஆனால் ஒரு விஷயத்தில் டெல்டாக் கடற்கரைக்கும் பழைய கடலோரச் சுரங்க ஊர்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில், பொட்டாலக் என்று ஒரு சிற்றூர். அங்கே செம்பும் வெள்ளீயமும் தேடிக் கடலுக்கு அடியிலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் குடைந்துபோனார்கள். 1914-இல் மூடப்பட்ட சுரங்கத்தின் எந்திர வீடுகள் இன்றும் பாறை விளிம்பில் நிற்கின்றன. செம்புத் தாதுவும் கடல் உப்பும் சேரும் அப்படிப்பட்ட இடங்களில் செம்புக் குளோரைடுகள் உருவாகும். அவற்றில் ஒன்றுக்கு 1865-இல் அந்த ஊர்ப் பெயரையே வைத்து பொட்டாலக்கைட் என்றார்கள். அதே வேதிச் சேர்மானத்தில் அணு அடுக்கு மட்டும் மாறினால் அட்டகாமைட், கிளினோஅட்டகாமைட். நாகப்பட்டினத்தில் உப்புக்காற்று படும் வீட்டில், பழைய வெண்கல விளக்கில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூப்பதும் பல நேரம் இந்தக் குடும்பம்தான்.

நிறத்தை மட்டும் பார்ப்பது

செம்பு கலந்த கனிமங்களில் பல பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும் என்பது சரி. பச்சையாக இருந்தால் மாலகைட் என்பது தவறு. மாலகைட் கார்பனேட், கடினம் 3.5 முதல் 4, அடர்த்தி சுமார் 4. கிரைசோகொல்லா சிலிக்கேட் வகை. நீலப்பச்சை நிறம், அடர்த்தி 2 முதல் 2.4 வரைதான். கையில் வைத்தாலே எடை குறைவு தெரியும். அட்டகாமைட் கரும்பச்சை ஊசிகளாகவோ சிறு படிகங்களாகவோ இருக்கும். அடர்த்தி சுமார் 3.8. கண்ணால் மட்டும் பார்த்து மாலகைட்டிலிருந்து இதைப் பிரிப்பது அனுபவசாலிக்கும் கஷ்டம்.

அடர்த்தி பார்க்கச் சமையலறைத் தராசு போதும். கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுவதும் முங்கவிடுங்கள். இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 84 கிராம் கல் 21 காட்டினால் அடர்த்தி 4. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். பச்சை மேற்பூச்சாக மட்டும் இருந்து உள்ளே குவார்ட்ஸ் இருந்தால், நீங்கள் அளந்தது குவார்ட்ஸை.

பச்சையில் ஆபத்தானதும் ஒன்று உண்டு: டார்பர்னைட். மரகதப் பச்சையில், காக்காப்பொன் தகடுபோலச் சதுரச் சதுரமாக அடுக்கியிருக்கும். செம்போடு யுரேனியமும் சேர்ந்த பாஸ்பேட் இது, கதிரியக்கம் உடையது. கார்ன்வால் மாதிரிகளில் இது பேர்போனது. புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை, அதனால் யுரேனியம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். யுரேனியக் கனிமமான ஆட்டுனைட் பிரகாசமாக ஒளிரும்; டார்பர்னைட் பொதுவாக ஒளிராது. இதைப் படுக்கையறையில் வைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. ரேடான் வாயு சேரும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள்.

அமிலச் சோதனையில் நடக்கும் கூத்து

10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் மாலகைட் நுரைக்கும். கிரைசோகொல்லாவும் அட்டகாமைட்டும் நுரைக்காது. சோதனை சுலபம், ஆனால் முழுக் கல்லின் மேல் சொட்டு விடுவதுதான் வழக்கம். பச்சைக்கு அடியில் கால்சைட் இருந்தால் நுரைப்பது அதுதான், பெயர் மாலகைட்டுக்குப் போகும். ஊசியால் பச்சையை மட்டும் கடுகளவு சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் போட்டு, அதன்மேல் சொட்டு விட்டு, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம். அதில் கலந்த இரும்பால் திரவமே மஞ்சளாக இருக்கும். பிறகு கரைசலின் நிறத்தை நம்ப முடியாது. நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

கரைந்தது செம்புதானா என்று உறுதிசெய்ய ஓர் இரும்பு ஆணி போதும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பச்சைக் கரைசலில் நுனியை முக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். செம்பு இருந்தால் சாம்பல் நிற நுனி இளஞ்சிவப்பாகி, புதுச் செப்புக் காசின் நிறத்துக்கு வந்துவிடும். துத்தநாகம் பூசிய ஆணியை எடுத்தால் கறுப்புச் சகதிதான் ஒட்டும். அதைப் பார்த்துச் செம்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

அட்டகாமைட் குடும்பமா என்று காட்டும் குளோரைடு சோதனையில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் துகளைக் கரைத்துச் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், தயிர்போல வெள்ளையாகத் திரிய வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு இதைச் செய்தால் எந்தக் கல்லும் திரியும், ஏனென்றால் குளோரைடை ஊற்றியதே நீங்கள்தான். அடுத்தது தண்ணீர். கடலோர போர்த்தண்ணீர் உப்பு. வாயில் வைத்தால் தெரியாத உப்புகூடச் சில்வர் நைட்ரேட்டுக்குத் தெரியும். கைவியர்வையும் அப்படியே. வாலை வடிநீர் மட்டும் பயன்படுத்துங்கள். கல் இல்லாமல், நீரும் அமிலமும் மட்டும் வைத்து ஒருமுறை சோதித்து, தெளிவாகவே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாக்கில் ஒட்டினால் கிரைசோகொல்லா என்று ஒரு பழைய சோதனை சொல்வார்கள். வேண்டாம். கார்ன்வாலில் செம்புத் தாதுவோடு ஆர்சனிக் கனிமங்களும் கலந்தே வரும்; பொட்டாலக்கிலேயே ஆர்சனிக்கைத் தாதுவிலிருந்து வறுத்தெடுத்தார்கள்.

மினுக்குபவை

இதில் சுருக்கமாகப் போகலாம். ஆற்று மணலில் மினுக்கும் தகடு காக்காப்பொன். பைரைட்டைக் கத்தி கீறாது, செம்பும் கலந்த சால்கோபைரைட்டைக் கீறும். மெருகில்லாத டைல்ஸின் பின்புறத்தில் இழுத்தால் இரண்டும் கருமையாகவே கோடு விடும், தங்கம் மட்டுமே மஞ்சளாக விடும். வானவில் நிறத்தில் ‘மயில் தாது’ என்று விற்பது போர்னைட் என்ற செம்புக் கனிமமாக இருக்கலாம். பல நேரம் அமிலம் தடவி நிறமேற்றிய சால்கோபைரைட். ஓர் ஓரத்தைச் சிறிது உடைத்துப் பார்த்தால் போர்னைட் உள்ளே செந்தவிட்டு நிறம், சால்கோபைரைட் பித்தளை மஞ்சள்.

உள்ளங்கை அகலத்தில் அடர்நீலப் படிகத்தை ‘இயற்கை சால்கந்தைட்’ என்று விலை சொன்னால் கவனம். உரக்கடையில் போர்டோ கலவைக்கு வாங்குகிற மயில்துத்தமும் அதே பொருள்தான். நிறைகரைசலில் நூல் தொங்கவிட்டால் சில நாட்களில் படிகம் வளரும். தண்ணீரில் கழுவினால் கரைந்தே போகும். மிச்சக் கரைசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மீன் சாகும்.

கழுவுவதும் வைப்பதும்

உப்புத்தண்ணீரில் கழுவி, அரைகுறையாக உலர்த்தி, பஞ்சில் பொதிந்து அலமாரியில் வைப்பது. டெல்டாவில் மாதிரிகள் கெட இந்த ஒன்றே போதும். பைரைட்டும் அதே சேர்மானமுள்ள மார்கசைட்டும் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மேலே வெள்ளைப் பொடியும் கந்தக நெடியும் வந்தால், அதிலிருந்து கசியும் கந்தக அமிலம் அடியிலிருக்கும் பெயர்ச் சீட்டையும் பக்கத்து மாலகைட்டையும் அரிக்கும். அந்தக் கல்லை உடனே பிரித்து வையுங்கள். மற்றவற்றுக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். லிட்டருக்கு 20 கிராம் வீதம், 5 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் மீண்டும் உதவும். டார்பர்னைட்டை மட்டும் இப்படி அடைக்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

விளக்குக்கும் இதே கணக்கு. செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். வேதியியல் கணக்கில் அது வெளியிலிருந்து வருவது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பவர்கள், நன்றாக அலசித் துடைக்காவிட்டால் குளோரைடைத் தாங்களே உள்ளே விடுகிறார்கள். கருமையாக, நகத்துக்கு அசையாத படலம் உலோகத்துக்குக் காப்பு. அதைச் சுரண்ட வேண்டாம். வெளிர்பச்சையாக, பல்குச்சி பட்டால் மாவாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது ‘வெண்கல நோய்’. உள்ளே ஒளிந்திருக்கும் செம்புக் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து பச்சைப் பொடியாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விடுகிறது. அந்த அமிலம் புது உலோகத்தைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. மேலே தேய்த்து எடுத்தாலும் சில நாளில் அதே இடத்தில் பூப்பது இதனால்தான். பொருளை ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் வேகம் வெகுவாகக் குறையும்.

அஸ்திவாரம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தால் புளியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மண்ணோடு அப்படியே ஒப்படைத்தால்தான் படலத்தை ஆராய முடியும்.

கடைசியாகச் சீட்டு. பொட்டாலக்கைட் நிலையற்றது, நாளடைவில் அட்டகாமைட்டாகவோ கிளினோஅட்டகாமைட்டாகவோ மாறக்கூடும். ஆகவே பழைய சீட்டில் இருக்கும் பெயரும் இன்று டப்பாவில் இருக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய சீட்டைத் தூக்கி எறியாமல் அதன் கீழே பென்சிலால் எழுதுங்கள்: “பச்சைப் பூச்சு. அமிலத்தில் நுரையில்லை. ஆணியில் செம்பு படிந்தது. குளோரைடு உண்டு. அட்டகாமைட் குடும்பம்; எது என்று எக்ஸ்ரே பார்க்கவில்லை.”