மணி யாருக்காக ஒலிக்கிறது என்று கேட்காதே: ஹெமிங்வேயின் போர் நாவலைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எர்னஸ்ட் ஹெமிங்வே 1940 அக்டோபரில் வெளியிட்ட ஸ்பானிய உள்நாட்டுப் போர் நாவலைப் பற்றிக் கேட்டால், படித்தவர்களும் படிக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: பாலத்தைத் தகர்க்க வந்த அமெரிக்க இளைஞன் ஒருவன் மலையில் ஒரு பெண்ணைக் காதலித்து, கடைசியில் தோழர்களுக்காக உயிரைக் கொடுக்கிறான். இந்த வாக்கியத்தில் பெரும் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் அதில் வரும் பாலம், காதல், உயிர்கொடுத்தல் ஆகிய மூன்றையும் நாவல் சொல்லும் விதத்தில் அல்லாமல் நாம் ஏற்கெனவே அறிந்த கதைகளின் வழியாகவே புரிந்துகொள்கிறோம் என்பதால், அந்த வாக்கியத்தை நம்பி உள்ளே போகிறவர் 43 அத்தியாயங்களையும் தவறான இடத்தில் நின்றபடியே கடந்துவிட நேர்கிறது. இனி வருவனவற்றில் கதையின் முடிவும் பேசப்படும் என்பதால், படிக்காமல் இருப்போர் படித்துவிட்டு வருவது நல்லது.

பெயரிலேயே முதல் பிழை தொடங்குகிறது. தமிழில் இதன் தலைப்பை ‘யாருக்காக மணி ஒலிக்கிறது?’ என்று கேள்வியாக எழுதிவிடுகிறார்கள். ‘For Whom the Bell Tolls’ என்ற ஆங்கிலத் தலைப்பில் கேள்விக்குறி கிடையாது. அது ஆங்கிலக் கவிஞரும் மதகுருவுமான ஜான் டன் 1624இல் வெளியிட்ட தியான நூலிலுள்ள ஒரு நீண்ட வாக்கியத்தின் துண்டு. அது கவிதை என்று பலர் எழுதினாலும் உண்மையில் உரைநடைதான். கடும் நோயில் படுத்திருந்த டன், தேவாலயத்தின் துக்க மணியைக் கேட்டு எழுதியது அது. சேகண்டிச் சத்தமும் சங்கும் கேட்டவுடன் ‘யார் போனது?’ என்று விசாரித்துவர ஆள் அனுப்பும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. அப்படி ஆள் அனுப்பாதே, அது உனக்காகவும்தான் ஒலிக்கிறது என்பதே டன்னின் பேச்சு. ஆகவே தலைப்பு ஒரு வினா அன்று, ஒரு விலக்கலின் பாதி. கேள்வியாக எடுத்துக்கொண்டவர் பதிலைத் தேடிப் போய், கடைசிப் பக்கத்தில் அந்த அமெரிக்க இளைஞன் ராபர்ட் ஜோர்டனுக்காக என்று எழுதி வைத்துவிடுகிறார். அந்தப் பதில் எவ்வளவு குறைபட்டது என்பதை முடிவைப் பற்றிப் பேசும்போது பார்க்கலாம்.

அடுத்தது ஒரு சொல். நம் நாளிதழ்கள் இன்றும் ‘கொரில்லாப் போர்’ என்று எழுதுகின்றன. கொரில்லா ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் பெரிய வாலில்லாக் குரங்கு. கெரில்லா என்பது ‘சிறு போர்’ எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல். நெப்போலியனின் படைகளை 1808 முதல் ஸ்பானியர்கள் மறைந்திருந்து தாக்கிய காலத்தில்தான் அது மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. எழுத்துப் பிழையைவிடப் பெரியது, அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் சீருடையணிந்த, கட்டுக்கோப்பான காட்டுப்படையின் சித்திரம். நாவலில் வருவோர், பிராங்கோவின் பாசிசப் படையை எதிர்த்து ஸ்பானியக் குடியரசின் பக்கம் நின்று, குவாதர்ராமா மலையில் ஒரு குகையில் தங்கியிருக்கும் சில கிராமத்தார். தலைவன் பாப்லோ முன்பு காளைச் சண்டைத் திடல்களில் குதிரைகளோடு வேலை பார்த்தவன்; இப்போது சொந்தமாகச் சில குதிரைகள் கைக்கு வந்துவிட்டதால் அவற்றை இழக்க மனமில்லாதவன். காவலுக்கு நிறுத்தப்பட்ட நாடோடி ரஃபாயெல், பனியில் முயல் பிடிக்கக் காவலை விட்டுப் போய்விடுகிறான். வழிகாட்டியான 68 வயது அன்செல்மோ, வேட்டையாடுவதில் மகிழ்பவர், மனிதனைக் கொல்வது பாவம் என்று உறுதியாக நம்புகிறவர். ஃபிடெல் காஸ்ட்ரோ இந்த நூலிலிருந்து கெரில்லாப் போரைப் பற்றிக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்கச் செனட்டர் ஜான் மெக்கெய்ன் ஜோர்டனைத் தம் வாழ்நாள் நாயகன் என்றார். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இருவர் ஒரே நூலை மார்போடு அணைத்துக்கொண்டது வியப்புதான். இருந்தாலும் இதைப் போர்க் கையேடாகப் படிக்கிறவருக்கு முயல் பிடிக்கப் போன ரஃபாயெல் எரிச்சலையே தருவான்.

இனிப் பாலம். மிகப் பெரிய பிழை இங்கேதான் நிகழ்கிறது. ஜோர்டனுக்கு இடப்பட்ட கட்டளை பாலத்தைத் தகர்ப்பது அன்று. தாக்குதல் தொடங்கிய பிறகு, அதற்கு முன்பாக ஒரு கணமும் அல்ல, தகர்ப்பது. குடியரசுப் படையின் தளபதி கோல்ஸ் இதை முதல் அத்தியாயத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: வெறுமனே பாலம் உடைந்தால் அது தோல்வியே. முன்கூட்டியே தகர்த்தால் எதிரி வேறு வழி செய்துகொள்வான் அல்லது பழுது பார்த்துவிடுவான். தாக்குதல் தொடங்கியபின் தகர்த்தால்தான் அந்தச் சாலை வழியே துணைப்படை மேலே வராமல் தடுக்க முடியும். இதன் விளைவைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் ஊர்ந்து சென்று வெடிவைத்துவிட்டு விடிவதற்குள் மறைந்துவிடுவதே மறைந்து போரிடுவோருக்குக் கைவந்த வழி. கட்டளை அந்த வழியை அடைத்துவிடுகிறது. பட்டப்பகலில், குண்டுவீச்சுச் சத்தம் கேட்ட பிறகு, இரு பக்கக் காவல் சாவடிகளையும் தாக்கி, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் அவர்கள் தப்பியாக வேண்டும். பாப்லோ இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொள்கிறான். அவனைக் கோழை என்று ஒதுக்கிவிட்டுப் படிப்போர், முழு நாவலிலும் கணக்கை மிகச் சரியாகப் போட்டவன் அவனே என்பதைக் கவனிப்பதில்லை.

அவனைத் துரோகி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவதும் சரியாகாது. தாக்குதலுக்கு முந்தைய இரவில் வெடிக்கருவியையும் வெடிமுனைகளையும் திருடிக்கொண்டு ஓடுகிறவனும் அவனே. தனிமை தாங்காமல் வேறு ஐந்து பேரையும் அவர்களுடைய குதிரைகளையும் கூட்டிக்கொண்டு விடிவதற்குள் திரும்பி வருகிறவனும் அவனே. வேலை முடிந்ததும் அந்த ஐந்து பேரையும் சுட்டுக் கொன்று, தன் ஆட்கள் தப்புவதற்குக் குதிரைகளைச் சேர்த்து வைக்கிறவனும் அவனே. வெடிக்கருவி போனதால் ஜோர்டன் கையெறிகுண்டுகளைக் கம்பியில் கட்டிப் பாலத்தைத் தகர்க்க நேர்கிறது. அதற்காகப் பாலத்துக்கு மிக அருகில் இருக்க நேர்ந்த அன்செல்மோ, பறந்துவந்த இரும்புத்துண்டு பட்டு இறக்கிறார். அன்செல்மோவின் சாவைத் தியாகம் என்று எழுதுவது எளிது. நாவல் அதைத் திருடப்பட்ட ஒரு பெட்டியின் விளைவாகவே காட்டுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிரிக்குத் தாக்குதல் பற்றித் தெரிந்துவிட்டது என்று அறிந்த ஜோர்டன், அதை நிறுத்தக் கோரிக் கோல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதி அந்த்ரேஸ் என்பவனிடம் கொடுத்து அனுப்புகிறான். அந்தக் கடிதம் எதிரியால் தடுக்கப்படவில்லை. தன் தரப்புக் காவலர்களின் சந்தேகத்திலும், அதிகாரியிலிருந்து அதிகாரிக்குப் போகும் தாமதத்திலும், குடியரசுக்காகப் போரிட்ட பன்னாட்டுப் படையணிகளின் தலைமை அரசியல் ஆணையரும் எங்கும் துரோகிகளையே காண்பவருமான ஆந்த்ரே மார்ட்டியின் மேசையிலும் சிக்கி, கோல்ஸின் காதுக்குச் செய்தி எட்டும்போது விமானங்கள் கிளம்பிவிட்டிருக்கின்றன. செகோவியா நகரை நோக்கிக் குடியரசுப் படை 1937 மே இறுதியில் உண்மையாகவே தொடுத்த தாக்குதலும் சில நாள்களில் தோல்வியில்தான் முடிந்தது. 1936 ஜூலையில் தொடங்கிய அந்தப் போரே 1939 ஏப்ரலில் குடியரசின் வீழ்ச்சியோடு முடிந்துபோனது. நாவல் 1940இல் வந்தபோது வாசகர் ஒவ்வொருவரும் தோற்ற கதை என்று தெரிந்தே அதைத் திறந்தார். இன்று திறக்கும் நாம் அதை மறந்துவிட்டு வெற்றியா தோல்வியா என்ற பதற்றத்தோடு படித்தால், பாத்திரங்கள் பேசும் பேச்சிலுள்ள கசப்பு நமக்கு எட்டாது.

காதலையும் இந்தக் கடிகாரத்தின் கீழ் வைத்தே பார்க்க வேண்டும். கதை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கிச் செவ்வாய் நண்பகலில் முடிகிறது. முழுதாக மூன்று நாள்கள்கூட இல்லை. ஜோர்டனும் மரியாவும் எழுபது ஆண்டு வாழ்வை எழுபது மணி நேரத்துக்குள் வாழ முடியுமா என்று அவனே கணக்குப் போடுகிறான். இதைக் கண்டதும் காதல் என்று திரைப்பட வழக்கில் எடுத்துக்கொள்வோர், மரியாவின் தலைமுடி ஏன் குட்டையாக இருக்கிறது என்பதை ஓர் அழகுக் குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். அவளுடைய தந்தை ஒரு கிராமத்தின் மேயர். தாய் தந்தை இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டபின் அவளுடைய பின்னல்களை வெட்டி மொட்டையடித்து வன்கொடுமை செய்கிறார்கள். ஒரு ரயில் தகர்ப்பின்போது இந்தக் குழு அவளைக் காப்பாற்றுகிறது. மரியா சொந்தக் குரலே இல்லாமல் ஜோர்டனின் கனவாகவே எழுதப்பட்டிருக்கிறாள் என்ற குற்றச்சாட்டு உண்டு, அதில் பெருமளவு நியாயமும் உண்டு. ஆனால் அவள் தன் பெற்றோரின் சாவைத் தானே சொல்லும் அத்தியாயத்தைப் படித்தபின் அந்தக் குற்றச்சாட்டை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை.

பேச்சு நடையைப் பற்றிய தவறு மொழிபெயர்ப்பாளர்களுக்கு உரியது. பாத்திரங்கள் ஆங்கிலத்தில் வழக்கொழிந்த பழைய முன்னிலைச் சொற்களால் பேசிக்கொள்வதைக் கண்டு, விவிலிய நடைபோல் இருக்கிறது என்று தமிழிலும் செந்தமிழாக்கிவிட நினைப்பது இயல்பு. உண்மையில் ஹெமிங்வே ஸ்பானியப் பேச்சை ஆங்கிலத்தில் அப்படியே கேட்கவைக்க முயல்கிறார். ஸ்பானியத்தில் ‘தூ’, ‘உஸ்தேத்’ என இரு முன்னிலைகள் உண்டு. ஒன்று நம் ‘நீ’, மற்றொன்று நம் ‘நீங்கள்’. ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த வசதி தமிழுக்கு இயல்பாகவே இருக்கிறது. பாப்லோவின் துணைவி பிலார் ஜோர்டனை ‘நீ’ என்று அழைத்தாலே போதும், புராண நடை தேவைப்படாது. வசைகளுக்குப் பதிலாக ‘ஆபாசம்’ என்ற பொருள்தரும் சொல்லையே அச்சிட்டிருப்பதும் அச்சுப் பிழை அன்று. நம் பத்திரிகைகள் புள்ளிகள் வைக்கும் இடத்தில் அவர் ஒரு சொல்லை வைத்து, அதைக் கேலியாகவும் ஆக்கியிருக்கிறார்.

நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் மறுபக்கம் என்று பிரித்துப் படிக்க முயல்வோரைப் பத்தாம் அத்தியாயம் தடுத்து நிறுத்திவிடும். குடியரசின் பக்கத்தைச் சேர்ந்த பாப்லோவின் தலைமையில் ஊரார் இரு வரிசையாக நின்று, பாசிசவாதிகள் எனக் கருதப்பட்டோரைக் கதிரடிக்கும் கோல்களால் அடித்து மலைவிளிம்பிலிருந்து ஆற்றில் தள்ளிய நாளைப் பிலார் சொல்கிறாள். அதைவிட மோசமான நாள் மூன்று நாள் கழித்து, எதிரிகள் ஊரைப் பிடித்தபோது வந்தது என்றும் அவளே சொல்லி முடிக்கிறாள். இந்த நிகழ்ச்சியை ரோந்தா நகரத்தின் வரலாறாகவே மேற்கோள் காட்டுவது ஒரு தொடர் வழக்கம். நாவலில் அந்த ஊர் ரோந்தா என்று சொல்லப்படவில்லை. நாவலாசிரியரின் கற்பனையை ஆவணமாக்குவது வரலாற்றுக்கும் நாவலுக்கும் சேர்த்துச் செய்யும் தீங்கு.

இதே வெட்டிப் பார்க்கும் பழக்கத்தால் ஜோர்டனைக் கம்யூனிஸ்ட் என்றும் எழுதிவிடுகிறார்கள். மொன்டானாவில் ஸ்பானிய மொழி கற்பித்த அவன் கட்சி உறுப்பினன் அல்லன். போர் முடியும்வரை கம்யூனிஸ்டுகளுடைய ஒழுங்கை ஏற்றிருப்பதாகவே சொல்லிக்கொள்கிறான். மார்ட்டி உண்மைப் பெயரிலேயே வருகிறவர். அவரைச் சித்திரித்த விதத்துக்காக ஸ்பெயினில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க இடதுசாரிகள் சிலர் ஹெமிங்வேயைக் கடுமையாகத் தாக்கினார்கள். நாவலில் வரும் கார்க்கோவ் என்ற பத்திரிகையாளருக்கு முன்மாதிரியான, சோவியத் நாளிதழ் ‘பிராவ்தா’வின் நிருபர் மிகயீல் கோல்த்சோவ், நாவல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கேரி கூப்பரும் இங்ரிட் பெர்க்மனும் நடித்த 1943ஆம் ஆண்டுத் திரைப்படம் இந்த அரசியலையெல்லாம் பெரிதும் மழுப்பிவிட்டது; படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பேசுவோரிடம் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

முடிவுக்கு வருவோம். ஜோர்டன் இறக்கிறான் என்று எழுதுவது தவறு. அவன் சாவதற்கு முன்பே நாவல் நின்றுவிடுகிறது. குதிரை விழுந்து தொடையெலும்பு முறிந்ததால் அவனால் தப்பிக்க முடியவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தனியே கிடக்கையில், தன்னைத் தானே சுட்டுக்கொள்ளலாமா என்ற எண்ணம் அவனுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அவனுடைய தந்தை துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவர் என்பதும், அந்தத் துப்பாக்கியை ஜோர்டன் ஓர் ஏரியில் போட்டுவிட்டவன் என்பதும் முன்பே சொல்லப்பட்டிருக்கின்றன. ஹெமிங்வேயின் தந்தையும் 1928இல் அப்படியே இறந்தார் என்பதால் இருவரையும் ஒருவராக்கிவிட வேண்டியதில்லை. ஹெமிங்வே அந்தப் போருக்குச் செய்தியாளராகப் போனவர். கவனிக்க வேண்டியது, ஜோர்டனின் காத்திருப்பு சாவை விரும்பி ஏற்கும் வீரமாக எழுதப்படவில்லை என்பதே. நினைவு தப்பிவிடுமோ, பிடிபட்டால் சித்திரவதை செய்வார்களோ என்ற அச்சத்துக்கு நடுவே, இன்னும் சிறிது நேரம் தாங்கினால் அவர்களுக்குச் சிறிது தூரம் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிப் படுத்திருக்கிறான்.

அவனுடைய துப்பாக்கிக் குறிக்குள் வருகிறவர் யார் என்பதை விட்டுவிடுவோரே மிகுதி. எதிரிப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் பெர்ரெந்தோ, முந்தைய நாள், எல் சோர்தோ என்பவனின் தலைமையிலிருந்த மற்றொரு கெரில்லாக் குழு அழிக்கப்பட்ட குன்றில் இருந்தவர். குண்டு வீச்சின்போது புரட்சி முழக்கங்களை விட்டுவிட்டு மரியன்னையை நோக்கிச் செபித்த சிறுவன் ஹோவாக்கீன், நினைவிழந்து கிடந்தபோது, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அவனைச் சுட்டவர் அவர். இறந்தோரின் தலைகளை வெட்டக் கட்டளையிட்டுவிட்டு, கொல்லப்பட்ட தம் நண்பன் ஹூலியானுக்காகச் செபித்தபடியே மலையிறங்கியவரும் அவரே. அதே மாலையில் தலையற்ற உடல்களைக் கண்ட அன்செல்மோவும், நெடுநாள் மறந்திருந்த செபத்தை நடந்துகொண்டே சொன்னார். கதையின் முதல் வரியில் ஜோர்டன் பைன் ஊசியிலைகள் பரந்த காட்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தான். கடைசி வரியிலும் அதே தரையில்தான் கிடக்கிறான்; நெஞ்சு தரையில் மோதித் துடிக்க, பெர்ரெந்தோ மரங்களைத் தாண்டி வெயிலுக்குள் வருவதற்காகக் காத்திருக்கிறான்.