வெளியில் சாப்பிடும்போது உடலுக்கு நல்லதைக் கேட்டு வாங்குவது எப்படி?

வேலை, பயணம், விடுதி வாழ்க்கை என்று ஏதோ ஒரு காரணத்தால் வாரத்தில் பல வேளைகள் ஹோட்டலில் சாப்பிட வேண்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வெளிச்சாப்பாட்டையே நிறுத்துங்கள்" என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. தமிழ்நாட்டின் சாதாரண டிபன் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் உடலுக்கு ஏற்ற உணவு இருக்கவே செய்கிறது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் பலருக்குப் பழக்கமில்லை.

படி 1: கொலைப்பசியோடு போகாதீர்கள்

மிகுந்த பசியில் உட்கார்ந்தால் கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிவிடுவோம். கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒரு டம்ளர் மோரோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூட்டமான கடையில் சாப்பாடு வரத் தாமதமானால் அவர்களுக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.

படி 2: பெயரைப் பார்க்காமல், சமைத்த முறையைப் பாருங்கள்

ஆவியில் வெந்தது, குழம்பில் கொதித்தது, தணலில் சுட்டது, கல்லில் வார்த்தது, எண்ணெயில் பொரித்தது என்று உணவுப் பட்டியலை மனத்துக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரியும் இருக்கின்றன. அதனால் எண்ணெய் கூடும்போது உணவின் அளவு கூடாமலேயே கலோரி கூடிவிடுகிறது. காலிஃபிளவர் என்ற பெயரைக் கேட்டுக் காய்கறி என்று நினைத்துவிட வேண்டாம். கோபி மஞ்சூரியன் மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம்தான்.

பொரித்தது வேண்டும் என்றால் எண்ணெயைக் கவனியுங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது சிதைந்து உருவாகும் பொருள்களுக்கு மொத்த துருவச் சேர்மங்கள் (Total Polar Compounds) என்று பெயர். இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளரால் அதை அளந்து பார்க்க முடியாதுதான். ஆனால் வாணலியில் எண்ணெய் கறுத்து நுரைத்திருந்தாலோ, வடையில் சிக்கு வாசனை அடித்தாலோ, அன்றைக்கு அந்தக் கடையில் பொரித்ததைத் தவிர்த்துவிடலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலிலேயே கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்பதும் இதே ஆணையத்தின் விதிதான். அந்த எண் இருந்தால் படித்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

படி 3: டிபனில் பருப்புக்கு இடம் கொடுங்கள்

இட்லி ஆவியில் வெந்தது என்பதால் நல்ல தொடக்கம். ஆனால் அதில் பெரும்பங்கு அரிசிதான். ஆகவே இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதிலாக, இன்னொரு கிண்ணம் சாம்பார் கேட்டுப் பருப்பையும் காயையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் ஓர் அவித்த முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். அடை கிடைக்கும் கடையில் அடையைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் மூன்று நான்கு பருப்புகள் ஒரே பண்டத்தில் சேர்வது அரிது. ரவா தோசை மொறுமொறுப்பாக வருவதற்கே எண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கும். சாதா தோசையையும் ஊத்தப்பத்தையும் "எண்ணெய் கம்மியா" என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிட்டால், மாஸ்டர் அப்படியே வார்த்துத் தருவார். தட்டில் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

படி 4: சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்

மதியச் சாப்பாட்டில்தான் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்ய முடியும் என்பது என் உறுதியான கருத்து. தட்டில் ஏறக்குறைய பாதி காய்கறி, கீரை, பழம் என்று இருக்க வேண்டும் என ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம் முழுச் சாப்பாட்டிலோ இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் ஒரு கரண்டி கூட்டும் இருக்க, நடுவில் சோறு குவிந்திருக்கிறது. சாம்பாருக்கு ஒரு முறை, காரக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நான்கு சுற்று சோறு உள்ளே போய்விடுகிறது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சோறு வருவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைப் பிறகு சாப்பிட்டால், உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை ஏற்றம் குறைகிறது. பிறகு, "அண்ணா, இன்னொரு தடவை பொரியல், கூட்டு வைங்க" என்று கேளுங்கள். மறுசோறு கேட்கக் கூச்சப்படாத நாம், அதே விலையில் வருகிற பொரியலை மறுமுறை கேட்க ஏனோ தயங்குகிறோம். அளவுச் சாப்பாடாக இருந்தால் தனியாகப் பணம் கொடுத்தாவது ஒரு கிண்ணம் காய் வாங்குங்கள். சோறு போட வருபவரிடம் முதலிலேயே "பாதி போதும்" என்று சொல்லிவிட்டு, இலையில் விழுந்ததைச் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று பாகமாக ஒதுக்கிக்கொண்டால், அந்த ஒரே சுற்றில் சாப்பாடு முடிந்துவிடும்.

ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றிலும் உப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது; அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த மூன்றையும் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படி 5: இரவில் பரோட்டாவும் பிரியாணியும்

பரோட்டாவுக்கு மாவு பிசையும்போதும், வீசும்போதும், கல்லில் போடும்போதும் எண்ணெய் சேர்கிறது. கோதுமை பரோட்டாவிலும் இதே கதைதான். ஆசையாக இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பசிக்கு ஆம்லெட்டோ சிக்கன் குழம்போ வாங்குங்கள். இடியாப்பமும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரியாணிக் கடையில் குஸ்காவும் சிக்கன் 65உம் சேர்த்து வாங்குவதைவிட, கறித்துண்டுகள் உள்ள பிரியாணியைப் பாதி அளவில் வாங்கி, வெங்காயப் பச்சடியை இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிடலாம்.

படி 6: குடிப்பதையும் கணக்கில் சேருங்கள்

வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதைப் பாட்டிலிலேயே பார்க்கலாம்; 300 மில்லி குடித்தால் 30 கிராமைத் தாண்டிவிடும். ஜூஸ் கடையில் "சர்க்கரை, ஐஸ் வேண்டாம்" என்று சொல்லுங்கள். காபிக்கு "வித்தவுட்" என்ற ஒரு சொல்லே போதும். முழுக் கசப்பு பிடிக்காதவர்கள் "சர்க்கரை தனியா" என்று கேட்டு, அரைத் தேக்கரண்டி மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: மிஞ்சப்போவதைச் சாப்பிடும் முன்பே எடுத்து வையுங்கள்

பரிமாறும் அளவு பெரிது என்று தெரிந்த கடையில், கை வைப்பதற்கு முன்பே பாதியைப் பார்சல் கட்டச் சொல்லிவிடுங்கள். எச்சில் படாததால் அதை வீட்டில் மற்றவர்களும் சாப்பிடலாம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடுபடுத்திச் சாப்பிடுங்கள்.