குவைத்தில் குபார் வருமா? வானத்தை விட்டுவிட்டுப் பாஸ்ராவைப் பாருங்கள்

குவைத்தில் தூசிக்காற்றை நம்மவர்களும் ‘குபார்’ என்றே சொல்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு.

ஜூன், ஜூலையில் அடிப்பது ஷமால். ஈராக் சமவெளியிலிருந்து வரும் வடமேற்குக் காற்று. காலையில் வெயில் ஏற ஏற வேகம் பிடித்து, மதியத்தில் உச்சம் தொட்டு, இரவில் தணியும். எனவே காலை ஆறு மணிக்குக் காற்று அமைதியாக இருப்பதை நம்பி உயரத்தில் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

இதை முன்கூட்டியே பிடிக்க, தெற்கு ஈராக்கில் உள்ள பாஸ்ரா விமான நிலையத்தின் ‘மெட்டார்’ (METAR) என்ற வானிலைக் குறிப்பை இணையத்தில் எடுங்கள். 32028 என்று இருந்தால், 320 டிகிரி திசையிலிருந்து 28 நாட் காற்று. 1.85ஆல் பெருக்கினால் மணிக்கு 52 கிலோமீட்டர். பக்கத்தில் ஜி40 என்றிருந்தால் இடையிடையே 40 நாட் வரை வீசுகிறது. அடுத்து வரும் நான்கு இலக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம், மீட்டரில். 0800 என்றால் 800 மீட்டர். 1,000க்குக் கீழே போனாலே அது தூசிப்புயல். பாஸ்ராவிலிருந்து குவைத் சிட்டி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இந்த வேகத்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஆனால் குவைத்தின் வடக்குப் பாலைவனத்து மண்ணே கிளம்பிவிட்டால் அவ்வளவு நேரம் கிடைக்காது.

ஏப்ரல், மே மாதத்து ‘சராயத்’ வேறு கதை. இடிமேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று மண்ணை வாரிக்கொண்டு சுவர்போல வரும். பெரும்பாலும் சாயங்காலம். பாஸ்ராவைப் பார்த்துப் பயனில்லை. ரேடாரில் மேகக்கூட்டம் தெரிந்தால் உடனே சாரத்திலிருந்து ஆட்களை இறக்குங்கள். கட்டாத தகரமும் பிளைவுட்டும்தான் முதலில் பறக்கும்.

வண்டியில் மாட்டிக்கொண்டால், சாலையை விட்டு முழுவதும் வெளியே ஒதுக்கி நிறுத்துங்கள். ஹசார்ட் உட்பட எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து நேராக வந்து மோதுவார். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

துணியைச் சுற்றிக்கொண்டால் பெரிய மண்தான் நிற்கும். நுண்தூசிக்கு என்95 வேண்டும், அதுவும் மூக்குக் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.

அறையில் விண்டோ ஏசியைச் சுற்றியுள்ள இடுக்கில் ஈரத்துண்டைத் திணியுங்கள். காற்று நின்றதும் ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கார் ஏர் ஃபில்டர் காகிதம். அதைக் கழுவக் கூடாது, தட்டி உதறுங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். முன்கண்ணாடியில் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம்தான் வைப்பர். உலர்ந்த மண்மேல் ஓட்டினால் ரப்பரில் ஒட்டிய மணல் வில்வடிவத்தில் கீறிவிடும். ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் அந்தக் கீறலில் பட்டுச் சிதறி, சாலையே தெரியாது.