பிள்ள பொறந்ததும் பால் குடுக்க விடாம நாம பண்ணுற தப்புக

நம்ம திருநெல்வேலி பக்கம் எந்த ஆஸ்பத்திரில பிரசவம் ஆனாலும், அது ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியோ பிரைவேட்டோ, வெளிய நிக்குற கூட்டம் என்ன பிள்ள எத்தன கிலோன்னு கேட்டுட்டு அடுத்து போட்டோ எடுக்க ஆரம்பிச்சிரும், துபாய்ல இருக்க மாமாவுக்கு வீடியோ கால் வேற, பெத்தவ மட்டும் உள்ள தனியா கெடப்பா. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பிள்ளய மாருல போடணும்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சொல்லுது. அந்நேரம் பிள்ள நல்லா முழிச்சிருக்கும், தானா வாய வச்சு தேடும், அத விட்டா அசந்து தூங்கிரும், பொறவு எழுப்பி குடிக்க வைக்குறது பெரும்பாடு. குளிப்பாட்டுறதுக்கும் அவசரமே இல்ல, ஒரு நாள் கழிச்சு பாத்துக்கிடலாம்.

பெரிய தப்பு சேனை வைக்குறதுதான், அதான் பொறந்த பிள்ள நாக்குல மொத மொதல்ல இனிப்பு தடவுறது. யாரு சேனை வச்சாங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு சொல்லி சீனித்தண்ணி, தேனு, சில வீட்டுல கழுதப்பால் கூட பாலாடைல எடுத்துட்டு வந்துருவாங்க. தேன்ல இருக்க கிருமியால பொட்டுலிசம்னு ஒரு நோய் வரலாம், ஒரு வயசு முடியுற வரைக்கும் தொடவே கூடாது. சீனித்தண்ணி குடிச்ச பிள்ள வயிறு நெறஞ்சு சப்பாது, சப்பாட்டி பால் ஊறாது, உடனே "இவளுக்கு பாலே இல்ல"ன்னு பேச்சு வந்துரும். குணம் வரணும்னா ஆச்சி மடில வச்சு வளக்கட்டுமே, நாக்குல எதுக்கு தடவணும்?

மஞ்சளா கெட்டியா வர்ற சீம்பால கெட்ட பால்னு பீச்சி கீழ விடுறது இன்னொன்னு. நோய் எதிர்ப்பு சக்தி அதுலதான் இருக்கு. மொத நாள் பிள்ள வயிறு சில மில்லிதான் பிடிக்கும், அந்த கொஞ்சமே போதும், நெறைய பால் ரெண்டுலருந்து நாலு நாள்ல வரும்.

சிசேரியன்னா மறுநாள் பாத்துக்கிடலாம்னு விட்டுராதீங்க. முதுகுல ஊசி போட்டு பண்ணுனா தாயி முழிச்சுதான் இருப்பா, நர்ஸக்காட்ட சொன்னா ஒருக்களிச்சு படுக்க வச்சு பிள்ளய பக்கத்துல போடுவாங்க. பிள்ள ஐசியூல இருந்தா கையால பீச்சி குடுக்கலாமான்னு கேளுங்க.

காம்ப மட்டும் வாயில குடுத்தா புண்ணாகி, வலி தாங்காம அந்த பொண்ணு பால் குடுக்கவே பயப்படுவா. பிள்ள ஆ-ன்னு வாய அகலமா தொறக்குற வரைக்கும் பொறுத்து, அப்பறம் மாரோட இழுத்து அணைக்கணும், தாடை மாருல முட்டி, கீழ் உதடு வெளிய மடங்கி, காம்ப சுத்தி இருக்க கருப்புல பாதிக்கு மேல உள்ள போயிருக்கணும். வலிச்சா ஓரமா சுண்டு விரல விட்டு எடுத்துட்டு திரும்ப வைங்க.

சும்மா அழுதான்னு பால் பவுடர் டின் வாங்கிட்டு வராதீங்க. அதுக்கு விளம்பரமோ இலவச சாம்பிளோ குடுக்கக் கூடாதுன்னு 1992லயே சட்டம் இருக்கு. பிள்ளைக்கு ரத்தத்துல சுகர் கொறஞ்சா டாக்டரே சில நேரம் பால் பவுடர் எழுதுவாங்க, அது வேற விஷயம், காரணத்த கேட்டுக்கோங்க. ஒரு நாளைக்கு எட்டுலருந்து பன்னெண்டு தடவ பால் குடுத்து, அஞ்சாம் நாளுக்கு மேல ஆறு தடவயாச்சும் ஒண்ணுக்கு போனா பால் பத்துதுன்னு அர்த்தம். எழுப்புனாலும் குடிக்காம தொவண்டு கெடந்தாலோ, கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ விடியட்டும்னு இருக்காம டூட்டி டாக்டர கூப்புடுங்க.