டிபி பேஷன்ட்டை முதல் நாளே தரம் பிரிக்கிறது எப்படி? (புதுசா ஓபி பாக்குற டாக்டர்களுக்கு)

ட்ரூநாட் (டிபி கிருமியைக் கண்டுபிடிக்கிற சளி டெஸ்ட்) பாசிட்டிவ், டிபியோட முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யும்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, வெயிட் பாத்து மாத்திரை எழுதியாச்சு, அடுத்த டோக்கன். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருத்தர் வந்தாரு, 160 செ.மீ உயரம், 38 கிலோ, தானா நடந்து வந்தாரு, மாத்திரை அளவுக்கான 35லேர்ந்து 49 கிலோ வெயிட் பேண்ட், தினம் மூணு மாத்திரை, எழுதிக்குடுத்து அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணா அவர் பொண்ணு எடுத்துச்சு. அப்பா போயிட்டாரு, அன்னிக்கே கால் வீங்கி செருப்பு நுழையாமதான டாக்டர் உங்ககிட்ட வந்தாருன்னு கேட்டுச்சு. நான் வேட்டியை விலக்கிப் பாக்கவே இல்ல.

இப்ப சொல்லப்போற முறை நான் கண்டுபிடிச்சதில்ல. 2022ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச காசநோய் இறப்பில்லா திட்டத்தோட முறை, ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் கூட சேர்ந்து செஞ்சது. ரத்த டெஸ்ட், ஸ்கேன் எதுவும் வேணாம், வெயிட் மெஷின், டேப், ஆக்ஸிமீட்டர், வாட்ச் போதும். டிபில சாகுறவங்கள்ல நிறைய பேர் முதல் ரெண்டு மாசத்துலயே போயிடுறாங்க, அதனால இது மாத்திரை ஆரம்பிக்கிற அன்னிக்கே நடக்கணும்.

முதல் ஸ்டெப், பிஎம்ஐ, அதாவது கிலோல உள்ள வெயிட்டை மீட்டர்ல உள்ள உயரத்தால ரெண்டு தடவை வகுக்கறது. டிஜிட்டல் மெஷின் வாங்குங்க, முள்ளு ஆடுற பழைய மெஷினைத் தூக்கிப் போடுங்க. பிஎம்ஐ 14 இல்ல அதுக்குக் கீழன்னா ஆபத்து. 160 செ.மீ ஆளுக்கு அது கிட்டத்தட்ட 36 கிலோ.

ரெண்டாவதுதான் என்னைக் கவுத்த ஸ்டெப், கால் வீக்கம். என் பேஷன்ட்டுக்கு பிஎம்ஐ 14.8 வந்துச்சு, கோட்டுக்கு மேலதான இருக்காருன்னு விட்டுட்டேன். ஆனா அந்த 38 கிலோல எவ்ளோ தண்ணி? உடம்புல சதையே இல்லாதவருக்கு கால்ல தண்ணி கோத்து மெஷின்ல நல்ல நம்பரா காட்டுது. அதனால வீக்கம் இருந்தா கோடு 14 இல்ல, 16. வேட்டியோ புடவையோ கொஞ்சம் தூக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேல முன்னெலும்பு மேல கட்டைவிரலை வச்சு மெதுவா அழுத்திட்டே சில செகண்ட் இருங்க, எடுத்தா குழி நிக்குதா பாருங்க, ரெண்டு கால்லயும். கண்ணால பாத்தா போதும்னு நினைக்காதீங்க.

மூணாவது மூச்சு எண்ணறது. நிமிஷத்துக்கு 24க்கு மேல போனா சீரியஸ். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குற பழக்கம் இங்க ஆகாது, 6 வந்தா 24, 7 வந்தா 28, நடுவுல ஒண்ணுமே கிடையாது, நமக்கு வேண்டிய கோடு அங்கதான் இருக்கு. முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க. எண்ணறோம்னு தெரிஞ்சா மூச்சை மாத்திடுவாங்க, நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாருங்க.

ஆக்ஸிஜன் 94க்குக் கீழயும், பிடிமானம் இல்லாம நிக்க முடியலன்னாலும் அதே கதைதான். இதுல எது ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே அட்மிஷனுக்கு அனுப்புங்க, லெட்டர்ல எந்த நம்பருக்காக அனுப்புறீங்கன்னு எழுதுங்க. சும்மா டிபி கேஸ்னு எழுதினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, பட்டிருக்கேன். அட்மிட் ஆனதும் பாவம்னு ஒரேயடியா சோத்தைத் திணிச்சுடாதீங்க, எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்கு ரத்தத்துல பாஸ்பேட் சட்டுனு இறங்கிடும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், தயமின் (வைட்டமின் பி1) மறக்காதீங்க.

வீட்டுக்கு அனுப்புறவங்களுக்கும் சாப்பாடு மருந்து மாதிரிதான். ஜார்கண்ட்ல நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023ல வந்துச்சு, முதல் ரெண்டு மாசத்துல 5 சதவீதம் வெயிட் ஏறினவங்களுக்கு சாவு அபாயம் 61 சதவீதம் குறைவு, கூட இருந்த குடும்பத்துக்கும் சாப்பாடு குடுத்ததுல அவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுச்சு. நிக்‌ஷய்ங்கற அரசு டிபி போர்ட்டல்ல பதிஞ்சா சாப்பாட்டுக்குன்னு மாசம் 1000 ரூபாய் வரும் (2024 அக்டோபர் வரைக்கும் 500தான்), பேங்க் அக்கவுண்ட் நம்பரை அன்னிக்கே வாங்கிடுங்க.

ரிஃபாம்பிசின் வேலை செய்யாதுன்னு வந்தா அது வேற பாதை. 2024ல இந்தியா ஒத்துக்கிட்ட பெடாகுவிலின், ப்ரெட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் கூட்டு, பெரும்பாலும் ஆறே மாசம். ஈசிஜி, ரத்த எண்ணிக்கை, பாதம் எரியுதான்னு கேக்கறது, மூணையும் விடாதீங்க, தனியா எழுதுறேன்.

அப்டேட்: நிக்க முடியாதவருக்கு உயரம் எப்படி எடுக்கிறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. எடுக்கவே வேணாம், நிக்க முடியலங்கறதே அட்மிஷனுக்குப் போதும், வண்டியைக் கூப்பிடுங்க.

இன்னொரு அப்டேட்: ஆக்ஸிமீட்டர் 88 காட்டுது, ஆள் நல்லா பேசுறாருன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். முதல்ல நெயில் பாலிஷ் இருக்கா, விரல் ஜில்லுனு இருக்கான்னு பாருங்க, தேய்ச்சு சூடாக்கி வேற விரல்ல போடுங்க. அப்பவும் 88ன்னா பேச்சை நம்பாதீங்க, நம்பரை நம்புங்க.